வழியில் போன நேரம்

அந்த இரண்டு விநாடியும் என்னுடையவைதான். வேறு யாருடையவையாக இருக்க முடியும்? என் கடிகாரத்தில் இருந்தன. என் விரல்தான் காயை நகர்த்தியது. என் நெஞ்சுதான் அப்படி அடித்துக்கொண்டது.

காலையிலிருந்து இதையே எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கையில் சூடான மெழுகுக் கத்தி, முன்னால் யாரோ ஒருவருடைய கீழ்த்தாடையின் பிளாஸ்டர் அச்சு. நான் வேலை பார்ப்பது செயற்கைப் பல் செய்யும் லேபில். டாக்டர்கள் அச்சு அனுப்புவார்கள், இல்லாத பல்லை நான் மெழுகில் செதுக்குவேன். மயிரிழை உயரம் கூடினாலும் வாயை மூடும்போது அந்தப் பல் மட்டும் முந்திக்கொண்டு இடிக்கும். அன்று நான் செதுக்கிய கடைவாய்ப்பல் மூன்று தடவை இடித்தது. மூன்றாவது தடவை அதை உருக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் லேபில் நாலு பேர் சேர்ந்து ஒரு செஸ் அணி. வேலையிடங்களுக்கென்று நடக்கும் ஆன்லைன் லீக்கில் இரண்டு வருடமாக ஆடுகிறோம். ஆளுக்கு மூன்று நிமிடம். அது தீர்ந்தால் தோல்வி, பலகையில் ராணியே நின்றாலும். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நான் 'மெழுகு'. முந்தின நாள் சாயங்காலம் நான் ஜெயித்தது 'நத்தை' என்பவரை. ஆணா பெண்ணா தெரியாது, பஸ் டிப்போ ஒன்றின் அணி என்பது மட்டும் தெரியும். காலையில் எழுந்தபோது நத்தையிடமிருந்து செய்தி வந்திருந்தது.

"உங்களுக்கு இரண்டு விநாடிதான் மிச்சம் இருந்தது. அதில் ஒன்பது மூவ் ஆடினீர்கள். நாலு தடவை உங்கள் கடிகாரம் இறங்குவதற்குப் பதில் ஏறியது. நடுவருக்கு எழுதியிருக்கிறேன். கோபம் இல்லை. எனக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்."

திட்டி எழுதியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பக்கத்து மேசையில் பீங்கான் பூசுகிறவள்தான் எங்கள் அணியின் கேப்டன். லேபிலும் அவளை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம், முதலாளி உட்பட. செய்தியைக் காட்டினேன். படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"பேரு வச்சவங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்டி. தோத்தது நேத்து, ஊர்ந்து ஊர்ந்து இன்னிக்குத்தான் புகாரோட வந்து சேருது."

"கடிகாரம் ஏறுமா கேப்டன்?"

"உன் வீட்டு நெட்டுக்கு அது ஏறினாத்தான் என்ன? ரெண்டு வருஷம் நீ பட்ட பாட்டுக்கு அது எகிறிக் குதிக்கணும். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத. நடுவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

பட்ட பாடு உண்மைதான். என் கணவர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். விற்பனைக்கு வரும் வீடுகளை வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, நெட்டில் ஏற்ற வேண்டும். அவர் ஏற்றும்போது என் பலகை உறைந்துவிடும். அடுத்த மூவில் எதிராளியின் ராஜா மாட்டும் என்று தெரிந்தும், காய் போய்ச் சேராமல் நேரம் தீர்ந்து தோற்ற ஆட்டங்கள் உண்டு. "மேட்ச் இருக்குங்க, இப்ப ஏத்தாதீங்க" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்தியிருக்கிறேன். அவரும் சரி சரி என்பார்.

ஆனால் இந்த சீசனில் பதினோரு ஆட்டத்தில் ஒன்பது ஜெயித்திருந்தேன். பெரும்பாலும் கடைசி விநாடிகளில். "அவளுக்கு ரெண்டு செகண்ட் போதும்" என்று லேபில் சொல்வார்கள். டீ எடுத்து வரும்போது சொல்வார்கள், பஸ்ஸுக்கு ஓடும்போது சொல்வார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் சும்மா இருங்கப்பா என்பேன். இன்னொரு தடவை சொல்ல மாட்டார்களா என்றும் இருக்கும்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. நான் எதிலும் மெதுவானவள். கடையில் என்ன வேண்டும் என்று கேட்டால் நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நிற்கும் கணவர் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வார். என் வாக்கியங்களை மற்றவர்கள் முடித்துவைப்பதற்குச் சின்ன வயதிலேயே பழகிவிட்டேன். அப்படிப்பட்ட எனக்குள் கடைசி இரண்டு விநாடியில் மட்டும் வேறொருத்தி வந்து உட்கார்வாள். அவள் யோசிக்க மாட்டாள், பயப்பட மாட்டாள், அவள் வாக்கியத்தை யாரும் முடிக்க முடியாது. அந்த ஒன்பது ஆட்டங்களை நான் விரும்பியது அவளுக்காகத்தான். இப்போது முகம் தெரியாத ஒருவர் கடிகாரத்தை எண்ணிப் பார்த்து, அவள் இருந்தாளா என்று கேட்கிறார்.

சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூடச் சரியாகக் கழற்றாமல் கணவரின் அறைக்குப் போனேன். இரண்டு திரைகள், ஒன்றில் யாருடைய வீட்டுச் சமையலறையோ மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏங்க, கடிகாரம் ஏறுமா?"

"எந்தக் கடிகாரம்?"

செய்தியைக் காட்டினேன். படித்தார். முகம் மலர்ந்தது. அவர் ஆச்சரியப்படவில்லை என்பதைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

"நாலு தடவை ஏறிச்சுன்னு எண்ணிட்டானா? கெட்டிக்காரன்தான்."

"எப்படி ஏறும்?"

நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தார். புதுக் கேமராவைப் பற்றிச் சொல்லும்போது அப்படித்தான் உட்கார்வார்.

"நீ காயை நகர்த்தற. அது சர்வருக்குப் போய்ச் சேர வழியில கொஞ்ச நேரம் ஆகுது. அது உன் தப்பு இல்லைன்னு சர்வருக்குத் தெரியும். வழியில போன நேரத்தை உன் கடிகாரத்துல திருப்பிப் போட்டுடும். நியாயம்தானே?"

"நியாயம்தான்."

"எவ்வளவு போடணும்னு ஒவ்வொரு மூவுக்கும் புதுசா அளக்காது. முன்னாடி பத்துப் பதினைஞ்சு மூவ் எப்படிப் போச்சோ, அதை வச்சுக் கொடுக்கும். அப்ப லைன் அடைச்சிருக்கும்போது அது அளந்துக்குச்சுன்னு வை, திடீர்னு லைன் திறந்தாலும் கொஞ்ச நேரத்துக்கு அடைச்ச கணக்குலயே கொடுத்துக்கிட்டிருக்கும்."

"வழியில போகாத நேரத்தையும்?"

"வழியில போகாத நேரத்தையும்."

சமையலறை சுற்றி முடிந்து கூடம் வந்தது. ஆளில்லாத சோபா.

"யாரு திறக்கறது?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

அவர் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. இந்த சீசன் தொடக்கத்தில் ஒரு நாள் மறந்துபோய் ஏற்றிக்கொண்டிருந்தாராம், பாதியில் ஞாபகம் வந்து நிறுத்தினாராம். தோற்க வேண்டிய ஆட்டத்தில் நான் ஜெயித்துவிட்டு ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டேனாம். எனக்கும் அது ஞாபகம் இருந்தது. அதற்கப்புறம் அவர் வேண்டுமென்றே செய்து பார்த்தார். முழு வேகத்தில் ஏற்றினால் நான் தோற்றுவிடுவேன், ஒரு அளவுக்கு மேல் சர்வர் திருப்பித் தராது. அதனால் பாதி வேகம். இரண்டாவது திரையில் என் ஆட்டத்தைப் பார்வையாளராகத் திறந்து வைத்துக்கொள்வார். என் கடிகாரம் ஐந்து விநாடிக்குக் கீழே வந்ததும் நிறுத்திவிடுவார்.

"நான் ஒரு மூவ் சொல்லிக் கொடுத்தேனா? இல்லையே. ஃபைல் ஏத்தறது என் வேலை. நிறுத்தறது என் இஷ்டம். இதுல என்ன தப்பு?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பதறுவே. பதறினா ஆட வராது உனக்கு." பிறகு குரல் தணிந்தது. "ரெண்டு வருஷமா அழுதுக்கிட்டே படுத்தியே, அந்த ஆட்டத்தையெல்லாம் யாரு திருப்பிக் கொடுத்தா? அவங்களுக்கு நல்ல லைன், உனக்கு ஓட்டை லைன். காலைக் கட்டிப்போட்டு ஓடவிட்ட மாதிரி. நான் கொஞ்சம் அவிழ்த்துவிட்டேன். அவ்வளவுதான்."

அழுததும் உண்மை, ஓட்டை லைனும் உண்மை. இரண்டு வருடம் என் பக்கம் தொலைந்துபோன நேரத்தைப் பற்றி எந்த நத்தையும் எனக்கு எழுதிக் கேட்டதில்லை. ஒரு நிமிடம், முழுசாக ஒரு நிமிடம், அவர் சொல்வது சரி என்றே நினைத்தேன்.

"எத்தனை ஆட்டத்துல நிறுத்தினீங்க?"

"மூணு, நாலு இருக்கும்."

"எந்த மூணு நாலு?"

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "அதெல்லாம் யாரு குறிச்சு வச்சா? சிலதுல ஃபைலே இல்ல, சும்மா பாத்துக்கிட்டிருந்தேன். அதெல்லாம் நீயே ஜெயிச்சதுதான்."

"எது எது?"

"ஞாபகம் இல்லம்மா."

என் அறைக்கு வந்து ஒன்பது ஆட்டங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மூவ்கள் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் மிச்ச நேரம் இருந்தது. யானையைத் தியாகம் செய்து ஜெயித்த ஆட்டம் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதிலும் கடைசியில் நேரம் ஒரு தடவை ஏறியிருந்தது. அது அவர் நிறுத்தியதாலா, சர்வர் நியாயமாகத் தந்ததா? எண்கள் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருந்தன. முதலிலிருந்து மறுபடி பார்த்தேன். அந்த வேகமானவள் ஐந்து ஆட்டங்களில் இருந்திருக்கலாம், ஆறிலும் இருந்திருக்கலாம். எதிலென்று காட்ட இனி யாராலும் முடியாது. அவள் என்று நான் நினைத்த இடத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காத்திருந்திருக்கிறது. இங்கேயும் என் வாக்கியத்தை அவர்தான் முடித்திருக்கிறார்.

நாலரை மணிக்குக் கேப்டன் கூப்பிட்டாள்.

"நடுவர் தங்கமான மனுஷன்டி. ஒரே ஒரு வரி எழுதிக் கேட்கறார். 'நானோ என் வீட்டாரோ இணைப்பில் எதுவும் செய்யவில்லை.' அஞ்சு மணிக்குள்ள அனுப்பிட்டா முடிவு அப்படியே நிக்கும். இல்லைன்னா பாயின்ட் டிப்போவுக்குப் போயிடும், நாம ஃபைனலுக்கு இல்ல. நாலு பேரும் லீவு வாங்கியாச்சு, ஞாபகம் வச்சுக்கோ. நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடப்போறோம். நெட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"கேப்டன்..."

"என்னடி இழுக்கற?"

கணவர் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. அவரைக் காட்டிக்கொடுக்காமல் எதையும் சொல்ல முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வீட்டார்னு வேணாமே," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

கேப்டன் முட்டாள் இல்லை. "சரி," என்றாள், வேறு குரலில். "'நான்'னு மட்டும் போடு. கேட்டா நான் சமாளிச்சுக்கறேன். நீ ஒண்ணும் செய்யலதானே?"

"நான் செய்யல."

"அப்ப என்ன? அனுப்பு. எங்களையும் கொஞ்சம் நெனைச்சுக்கோ."

போனை வைத்ததும் கணவர் அதை என் கையிலிருந்து எடுத்து, நின்றபடியே டைப் செய்தார். நான் யோசித்துக்கொண்டிருந்தால் ஐந்து மணி ஆகிவிடும் என்று அவருக்குத் தெரியும். திருப்பி நீட்டினார். 'நான் என் இணைப்பில் எதுவும் செய்யவில்லை.' கீழே அனுப்பும் அம்புக்குறி.

"அதை அமுக்கு, போதும். பொய் இல்லையே இது? ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்ல."

படித்தேன். பொய் இல்லைதான். நான் எதுவும் செய்யவில்லை. அதைத்தான் மத்தியானத்திலிருந்து என்னால் தாங்க முடியவில்லை. அனுப்பாவிட்டால் லேபில் திங்கட்கிழமை மூன்று பேரின் முகத்தைப் பார்க்க வேண்டும். டீ நேரத்தில் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நத்தை என்ன நினைக்கும் என்பதைவிட அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது. இவரும் நாளைக்குச் சாப்பிடும்போது என்னைப் பார்க்காமல் சாப்பிடுவார்.

"குடு, நானே அனுப்பறேன்," என்றார்.

"வேணாங்க."

"அஞ்சாகப் போகுதும்மா."

"தெரியுது."

அந்த வரியை அழித்தேன். கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக, அவசரப்படாமல். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வேற எப்படி எழுதணும்னு சொல்லு, மாத்தித் தர்றேன்."

"எப்படியும் எழுத வேணாம். நான் அனுப்பல."