மிஸ்டு கால் ஓட்டம்

முதல் நாள் ஓட வந்தவர்கள்: ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டும் குப்புராஜ், தொப்பையைக் குறைக்க. டைம் ஆபீஸ் கிளார்க் துளசிராமன், சர்க்கரை இருப்பதாக டாக்டர் சொன்னதால். செக்யூரிட்டி கலியன், சும்மா. புதுவாயல் கூட்ரோட்டில் சேஃப்டி ஷூ, கையுறை, ஹெல்மெட் விற்கும் கடைக்காரர் ஹனீப், மற்ற எல்லாரையும் கூப்பிட்டவர். மில்லில் ஃபர்னஸ் பக்கம் நைட் ஷிஃப்ட் பார்க்கும் அன்புராஜ், ஷிஃப்ட் முடிந்து வந்ததும் எப்படியும் தூக்கம் வராது என்பதால்.

குப்புராஜ் இரண்டாம் நாள் வரவில்லை. துளசிராமன் ஒரு வாரம் தாங்கினார். பிறகு, வாக்கிங் போனால் போதும் என்று டாக்டரே சொல்லிவிட்டதாகச் சொன்னார். டாக்டர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். கலியனை நாய் கடித்தது. மிச்சம் இரண்டு பேர்.

இரண்டு பேர் போதும். பக்கத்தில் ஒருத்தன் ஓடினால் நம் கால் நிற்காது. மூன்றாவது ஆள் வந்தால் பேச்சு வளரும், ஓட்டம் குறையும்.

ஆறு மணிக்கு அன்புராஜ் மில் கேட்டை விட்டு வெளியே வருவான். இரவெல்லாம் இரும்பு உருகும் வெக்கையில் நின்றவனுக்கு வெளிக்காற்று பட்டதும் உடம்பு சிலிர்க்கும். பூட்டிய கடை வாசலில் ஹனீப் டிரவுசரோடு நின்று காலை உதறிக்கொண்டிருப்பார். ஹைவே ஓரமாகவே கவரப்பேட்டை வரை போய்த் திரும்புவார்கள். 2008இல் அந்தப் பக்கம் காரணம் இல்லாமல் யாரும் ஓடியதில்லை. ஷேர் ஆட்டோக்காரன் வண்டியை ஓரம் கட்டி, "இன்னாப்பா, கம்பெனி பஸ்ஸ உட்டுட்டீங்களா? ஏறுங்க, புடிச்சிடலாம்" என்பான். ஆந்திர எல்லைத் தடாவிலிருந்து வரும் லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யாரு நைனா தொரத்தறாங்க?" என்று கேட்பார்.

"பொண்டாட்டி!" என்று கத்துவார் ஹனீப்.

ஓடும்போதும் அவருக்கு வாய் ஓயாது. மகள் சிஃபா புதிதாகச் சொன்ன வார்த்தை, எந்தக் கம்பெனிக்காரன் எத்தனை ஜோடி ஷூவைக் கடன் சொல்லிவிட்டுப் போனான், பழவேற்காட்டில் தன் சித்தப்பா இறால் குழம்பை எப்படி வைப்பார், எல்லாம் வரும். மேட்டில் ஏறும்போது மட்டும் பேச்சு நிற்கும். ஏறி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

அன்புராஜ் பேசுகிறவன் இல்லை. டிப்ளமோவைப் பாதியில் விட்டவன். திருவள்ளூர் பக்கம் இருந்த நிலத்தை அண்ணன்கள் இரண்டு பேரும் பிரித்துக்கொண்ட பிறகு ஊருக்கும் போவதில்லை. நைட் ஷிஃப்ட்டில் கிடப்பவனுக்கு ஊர் விழித்திருக்கும்போது தூக்கம், ஊர் தூங்கும்போது வேலை. யாரோடும் நின்று பேச நேரம் வாய்க்காது. கொஞ்ச நாளில் அது பழகியும் போகும். பழகிப்போனதைத்தான் ஹனீப் கெடுத்தார்.

சென்னையில் கடற்கரை ரோட்டில் மாரத்தான் நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும், அரை மாரத்தானுக்கு இரண்டு பேர் பேரையும் கொடுத்துவிட்டு வந்தார்.

"இன்னா பாய், என்னக் கேக்காம குடுத்துட்டீங்க?"

"கேட்டா இன்னா சொல்லுவ? முடியாதுன்னுவ. அதான் கேக்கல. இருபத்தோரு கிலோமீட்டர்டா அன்பு. நீ இல்லன்னா நான் ஓட மாட்டேன்."

அடுத்த மாதமே ஹனீபின் மாமனார் சஹாபுதீன் குளியலறையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். பொன்னேரியில் அவருக்குப் பெயிண்ட் கடை. பார்த்துக்கொள்ள வேறு ஆண்பிள்ளை இல்லை. ஹனீப் புதுவாயல் கடையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, மனைவி கமர் நிஷாவோடும் குழந்தையோடும் பொன்னேரிக்குப் போனார். போகும் அன்று சாமான் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"ஓட்டத்த உட்டுடாதடா. கேட்ட உட்டு வெளிய வந்ததும் ஒரு மிஸ்டு கால் குடு. கெளம்பிட்டன்னு அர்த்தம். நானும் ஒண்ணு குடுப்பேன். நீ இங்க ஓடு, நான் அங்க ஓடறேன். ஒண்ணா ஓடற மாதிரிதான்."

ஒன்றாக ஓடுகிற மாதிரி இல்லை. முதல் வாரம் அன்புராஜ் ஓடினான். தன் மூச்சுச் சத்தம் தனக்கே கேட்டது, அது பிடிக்கவில்லை. ஷேர் ஆட்டோக்காரன் ஏறச் சொன்னபோது, பதில் சொல்லத் தெரியாமல் ஏறிவிட்டான். பிறகு ஒரு நாள் மழை. அடுத்த நாள் மழை இல்லை, ஆனாலும் போகவில்லை. அதோடு சரி.

மிஸ்டு காலை மட்டும் விடவில்லை. கேட்டை விட்டு வந்ததும் அடிப்பான். ஒரு தடவை மணி அடித்ததும் கட் செய்வான். போனைச் சட்டைப் பையில் வைப்பதற்குள் பதில் வரும். திரையில் 'ஹனீப் பாய்' என்று எரிந்து அணையும். அதைப் பார்த்துவிட்டு ரூமுக்குப் போய்ப் படுத்துக்கொள்வான். லீவு நாளிலும் அலாரம் வைத்து எழுந்து அடித்தான். ஓட எழ முடியாதவனுக்கு இதற்கு எழ முடிந்தது. காலர் டியூன் வைக்கச் சொல்கிற கம்பெனிக்காரர்களைத் தவிர அந்த நம்பருக்கு வேறு யாரும் கூப்பிடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஹனீப் காசு போட்டுப் பேசுவார்.

"நேத்து எவ்ளோடா?"

"பத்து பாய். நீங்க?"

"பன்னெண்டு."

அடுத்த ஞாயிறு அன்புராஜ் முந்திக்கொண்டு பதினாலு என்றான். ஹனீப் கொஞ்சம் யோசித்துப் பதினாறு என்றார். அதற்கடுத்த வாரம், "கால் நகம் ஒண்ணு கழண்டுடுச்சிடா" என்றார்.

"எனக்கு ரெண்டு பாய்." தன் கால் நகங்கள் பத்தையும் பார்த்துக்கொண்டேதான் சொன்னான்.

மாரத்தானுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஹனீப், "முழுசா இருபத்தொண்ணு முடிச்சிட்டேன்" என்றார்.

"நானுந்தான் பாய்."

ஹனீபின் குரல் இறங்கி வந்தது. "மாஷா அல்லா. எனக்கு ஒரே பயம்டா, கடைசி நாலு கிலோமீட்டர்ல உழுந்துடுவேனோன்னு. இப்ப பயமில்ல. நீ முன்னாடி ஓடு. உன் முதுகப் பாத்துக்கினே வந்துடுவேன்."

போனை வைத்த பிறகு அன்புராஜுக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்கு இருக்கிற உடம்புக்கு மூன்றாவது கிலோமீட்டரில் வாந்தி எடுப்பான். அவன் முதுகை நம்பி ஒரு மனுஷன் ஓடி வரப்போகிறார். சொல்லிவிட வேண்டும். சொன்னால் பாய் திட்ட மாட்டார், அது தெரியும். ஆனால் ஓடாதவனுக்கு அவர் எதற்கு மணி அடிக்க வேண்டும்? காலையில் அந்தப் பெயர் எரியாது. அவ்வளவுதானே என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தான். அவனுக்கு இருந்ததே அவ்வளவுதான்.

போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அடித்தான். பழக்கத்தில் விரல் ஒரு மணியோடு கட் செய்தது. உடனே பதில் மணி வந்தது.

லீவு நாள் வந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு கவரப்பேட்டையில் ரயில் ஏறினான். வாசலிலேயே பாயைப் பிடித்து, உள்ளதைச் சொல்லிவிட்டு, முடிந்த தூரம் அவரோடு ஓடலாம் என்று கணக்கு. பொன்னேரி பிளாட்பாரத்தில் இறங்கி வழக்கம்போல் மிஸ்டு கால் கொடுத்தான். பதில் வந்தது. கிளம்பிவிட்டார். விட்டால் பிடிக்க முடியாது. ஸ்டேஷனிலிருந்து ஓட ஆரம்பித்தான். மார்க்கெட்டைத் தாண்டுவதற்குள் விலாவில் குத்தியது. நிற்காமல் ஓடி, போன பெருநாளைக்குப் பாயோடு பிரியாணி சாப்பிட வந்த அந்த மாமனார் வீட்டுக் கதவைத் தட்டினான்.

கமர் நிஷா பால் பாக்கெட்டும் கையுமாகத் திறந்தாள். "யாரு, அன்புத் தம்பியா? இன்னாப்பா இது, மழைல நனைஞ்ச மாதிரி?"

"பாய் கெளம்பிட்டாரா அண்ணி?"

"எங்க?"

"ஓட."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "யாரு, இவரா?"

கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். ஃபேனுக்கு நேர் கீழே ஜமக்காளத்தில் ஹனீப் மல்லாந்து கிடந்தார். அவர் நெஞ்சின் மேல் சிஃபா குப்புறத் தூங்கினாள். அவர் வலது கையில் போன்.

"இந்த ஊருக்கு வந்து ஒரே ஒரு நாள் ஓடினாரு. ஆத்துப் பாலம் வரைக்கும் போய், ஆட்டோல திரும்பி வந்தாரு. ஆனா தெனம் அலாரம் வெச்சி எந்திரிச்சி போனப் பாத்துக்கினே ஒக்காந்திருப்பாரு. உன் மணி வந்ததும் ஒரு தட்டு தட்டிட்டுச் சாஞ்சிடுவாரு. எதுக்குங்க இந்த பேஜாருன்னு கேட்டா, 'நான் அடிக்கலன்னா அவன் ஓட மாட்டான் நிஷா, அங்க அவனுக்கு யாரு இருக்கா'ங்கறாரு."

அன்புராஜ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஓடி வந்த மூச்சு என்றுதான் அவள் நினைத்திருப்பாள்.

பேச்சுச் சத்தத்தில் ஹனீப் கண் விழித்தார். முகத்தைப் பார்த்தார், பிறகு ஷூவை, பிறகு நனைந்து ஒட்டிய பனியனை. குழந்தையை மெதுவாக இறக்கிப் படுக்க வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"டேய், புதுவாயல்லருந்தா ஓடியாந்த?"

அன்புராஜ் வாயைத் திறப்பதற்குள் அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

"மன்னிச்சிடுடா. நான் இங்க ஓடவே இல்ல. அந்தப் பாலத்தாண்ட போனேன், பேச ஆளில்ல, கால் அப்டியே நின்னுடுச்சி. சரி, நீயாவது ஓடுவன்னு மணி அடிச்சிக்கினு கெடந்தேன். நகம் கழண்டுச்சின்னு சொன்னது கூட பொய்."

ஒன்றும் பேசாமல் நின்றால் போதும். புதுவாயலிலிருந்து ஓடி வந்தவனாகவே இருந்துவிடலாம். இப்படி வெட்கப்பட்ட மனுஷன் இனி ஒரு நாள் தவறாமல் மணி அடிப்பார், ஆயுசுக்கும் அடிப்பார். அன்புராஜுக்கு அது நன்றாகவே தெரிந்தது. குனிந்த தலையில் நரை தொடங்கியிருந்ததும் தெரிந்தது.

"ட்ரெய்ன்ல வந்தேன் பாய்."

"இன்னா?"

"ஸ்டேஷன்லருந்து மட்டுந்தான் ஓடியாந்தேன். ரெண்டு மாசத்துல இதான் என் ஓட்டம். எனக்கும் எல்லா நகமும் இருக்குது."

ஹனீப் நிமிர்ந்தார். "இருபத்தொண்ணு?"

"தூங்கினேன் பாய்."

"அடப்பாவி! நீ அத சொன்ன அன்னிக்கி ராத்திரி நான் சோறு துன்னல, தெரியுமா? இவ்ளோ ஓடறவன ஏமாத்தறோமேன்னு."

"நானுந்தான் துன்னல."

"யாரும்மா அது?" என்று உள் அறையில் கட்டிலில் இருந்தபடியே சஹாபுதீன் குரல் கொடுத்தார்.

"மெட்ராஸ்ல ஓடப் போறவங்க வாப்பா!" என்றாள் கமர் நிஷா. "ரெண்டு மாசமா படுத்துக்கினே ஓடியிருக்காங்க."

ஹனீப் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், குழந்தை எழுந்துவிடும் என்று. அன்புராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்க வேண்டியதை இன்னும் கேட்கவில்லை.

"இனிமே மணி அடிக்க மாட்டீங்கள்ல?"

ஹனீப் வாயிலிருந்து கையை எடுத்தார். சிரிப்பு போயிருந்தது.

"ஏன், உன் போன் கெட்டுப்போச்சா?"

அன்புராஜ் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். அதில் படிப்பதற்கு நிறைய இருப்பது போல ரொம்ப நேரம் பார்த்தான். கமர் நிஷா அலமாரிக்குக் கீழே குனிந்து, தூசி படிந்த ஒரு ஜோடி ஷூவை எடுத்து வந்து ஹனீபின் முன்னால் போட்டாள்.

"நிஷா, இன்னும் பத்து நாள்தான் இருக்குது. இதுக்கு மேல இருபத்தொண்ணெல்லாம் ஆவாது."

"மெட்ராஸ் கெடக்கட்டும். தெரு முனை வரைக்கும் ஆவுமில்ல? நீங்க தனியா ஓட மாட்டீங்க, அவனும் தனியா ஓட மாட்டான். இப்ப ரெண்டு பேரும் இருக்கீங்கள்ல? போங்க."

"நாஷ்டா?"

"வந்து."

"ஒரு டீயாவது..."

"வந்து!"

ஹனீப் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாடா கட்டாத ஷூவோடு படி இறங்கினார். டிரவுசர் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தவராகத் திரும்பினார். அதற்குள் கதவு சாத்தப்பட்டு, உள்பக்கம் பூட்டு இரண்டு சுற்று சுற்றியது.