காக்கை ஏன் கதவைத் திறந்தது?

ஸ்ரீபெரும்புதூர் தபாலாபீசில் வேலை பார்த்த கோதண்டத்துக்கு ஒரு வாரப் பத்திரிகையின் கார்ட்டூன் தொடர்மேல் தீராத கோபம். வாராவாரம் நரி கதவைத் தட்டும், காக்கை திறக்கும், ஏமாறும். "பட்டும் புத்தி வராதா? கதையில நியாயமே இல்ல" என்று ஆசிரியருக்கு நாலு பக்கம் எழுதி, மனைவி பாஞ்சாலிக்குப் படித்துக் காட்டினார்.

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "வேற யாரு அது வூட்டுக்கு வர்றாங்க?" என்றாள்.

பழைய இதழ்களை எல்லாம் புரட்டினார். உண்மைதான், ஒருவரும் வரவில்லை.

தண்டலத்தில் தனியாக இருந்த அண்ணன் பலராமனின் ஞாபகம் வந்தது. ஏமாற்றுக்காரத் தரகன் ஒருவனை வீட்டில் சேர்க்கிறார் என்று கோதண்டம் அவரோடு பேச்சை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனார். கூடத்தில் அந்தத் தரகன் டீ குடித்துக்கொண்டிருந்தான். கோதண்டத்துக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாப்ட்டு போறியாடா?" என்றார் அண்ணன், முகத்தைப் பார்க்காமல்.

"சாப்ட்டுத்தாண்ணே போவேன்."

பலராமன் அவசரமாக உலையில் இன்னொரு பிடி அரிசி போட்டார்.