சுண்ணாம்பு நீர் கலங்கிய நாள்

18-11-2014, செவ்வாய். சைக்கிள் பம்புக் காற்றைச் சோதிக்காமலேயே ‘மாற்றமில்லை’ என்று நேற்று நோட்டில் எழுதிவிட்டேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. இன்று காலை சோதித்தேன். கலங்கியது. எங்கே தப்பு செய்தேன் என்று தெரியவில்லை.

இதை எழுதிய பிறகும் வெண்மதிக்கு மனம் ஆறவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ராத்திரியே தெளியவைத்திருந்த நீரைத் துணியில் வடிகட்டி, இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றினாள். ஒன்றில் ஸ்ட்ரா வைத்து ஊதினாள். பத்து மூச்சுக்குள் நீர்மோர் போல வெளுத்தது. அது சரி. தின்ற சோறு உடம்புக்குள் மெல்ல எரிகிறது, எரிந்ததில் வரும் கரியமில வாயு மூச்சில் வெளியேறுகிறது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். வெளிக்காற்றில் அந்த வாயு மிகக் கொஞ்சம். ஆகவே பம்பு அடித்த டம்ளர் தெளிவாகவே நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. அறுபதாவது அடியில் அதுவும் மங்கியது.

“காலங்காத்தால டம்ளருக்குக் காத்தடிச்சிகினு இருக்க. பஞ்சரா?” என்றாள் அம்மா வீரம்மாள், இட்லிக் குண்டானை இறக்கியபடி. சுரங்கத்தில் முதல் ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் இட்லி வாங்க வாசலில் குடையோடு நின்றார்கள். விறகெல்லாம் நனைந்து கிடந்ததால் அடுப்பில் பழுப்பு நிலக்கரிதான் கனன்றது. சாரல் உள்ளே வராமல் அம்மா ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் சாக்கைத் திணித்திருந்தாள்.

“தல வலி எப்படிம்மா இருக்கு?”

“உள்ள உக்காந்து எவனோ அம்மி கொத்துறான். ஏன், அதையும் எழுதிக்கப் போறியா?”

எழுதிக்கொண்டாள். அம்மாவின் தலைவலிக்கு இது பன்னிரண்டாவது நாள். மெடிக்கலில் வாங்கிய மாத்திரை ஓர் அட்டை தீர்ந்துவிட்டது. பித்தம் என்றாள் பக்கத்து வீட்டுப் பெரியநாயகி. பிரஷராக இருக்குமோ என்று வெண்மதிக்குப் பயம். அப்பா பிரஷரில்தான் போனார்.

பகலெல்லாம் அவளுக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை. மாலை ஆறு மணிக்கு டவுன்ஷிப்பில், ஒரு பிளாக்கின் சமூகக் கூடத்தில், செவிலியர் உதவியாளர் வகுப்பு. பாடம் எடுக்கும் கருணாகரன் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். வெண்மதியைவிட நாலைந்து வயதுதான் கூட. அவள் எழுந்து, சோதிக்காமல் எழுதியதையும் பிறகு சோதித்ததையும் ஒளிக்காமல் சொன்னாள்.

“பம்புக்கும் நுரையீரல் இருக்குபோல, அக்கா. பாத்து, தும்மப் போகுது!” என்றான் குவார்ட்டர்ஸ் பையன் அஸ்வின். வகுப்பே சிரித்தது. வெண்மதிக்குக் காது சுட்டது.

கருணாகரன் சிரிக்கவில்லை. “எங்க வச்சு அடிச்சீங்க?”

“அடுப்படியில, சார். மழையில வேற எடம் இல்ல.”

“அடுப்பு எரிஞ்சுதா?”

“எரிஞ்சுது. கரி அடுப்பு.”

“ஜன்னல்?”

“சாத்தியிருந்துச்சு.”

“அப்ப நீங்க தப்பே பண்ணல. பம்பு உங்க அடுப்படிக் காத்தைத்தான் இழுத்திருக்கு. அடுப்பு விட்ட மூச்சு அது.”

அவர் பலகையில் இரண்டு வட்டம் போட்டு, ஒன்றில் ‘முழு எரிப்பு’, மற்றதில் ‘பாதி எரிப்பு’ என்று எழுதினார். “ஆனா சுண்ணாம்புத் தண்ணி முழுசா எரிஞ்சு வந்த வாயுவைத்தான் காட்டும். காத்து பத்தாத இடத்துல கரி பாதிதான் எரியும். அதுல வர்ற கார்பன் மோனாக்சைடை இந்தத் தண்ணி காட்டாது. அதுக்கு நிறம் இல்ல, வாசனையும் இல்ல. ரத்தத்துல ஆக்சிஜன் உட்கார வேண்டிய சீட்டுல இது ஏறி உட்காரும். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்கு இறுக்கமா. சீக்கிரம் எழுந்திருக்காது.”

“தல வலிக்குமா, சார்?”

“முதல்ல அதான் வரும்.”

அவள் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். மழை பெய்த ஒன்பது நாளும் தலைவலி ‘அதிகம்’. வெயில் அடித்த மூன்று நாளும் ‘குறைவு’. அந்த மூன்று நாளும் அம்மா அடுப்பை வாசலில் வைத்துச் சமைத்திருந்தாள். இத்தனை நாள் தலைவலியை மட்டும் எழுதினேனே, அடுப்பு எங்கே இருந்தது என்று ஒரு வரி எழுதினேனா என்று தன்னையே நொந்துகொண்டாள். வெளியே மழை வலுத்தது. அம்மா போண்டா போடும் நேரம். பையைக்கூட எடுக்காமல் சைக்கிளை மிதித்தாள்.

வீட்டில் வீரம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எண்ணெயில் போண்டா கருகிக்கொண்டிருந்தது.

“அம்மா!”

“ம்… வந்துட்டியா. எழுந்துக்கத்தான் பாக்கறேன். காலு வரல.”

வெண்மதி அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, மழையென்றும் பாராமல் வாசலுக்கு இழுத்து வந்தாள். திரும்ப உள்ளே போய், மூச்சை அடக்கிக்கொண்டு வாணலியை இறக்கினாள், சாக்கைப் பிடுங்கினாள், ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். பிறகு பெரியநாயகி வீட்டுத் தாழ்வாரத்தில் அம்மாவை உட்காரவைத்து நாடி பிடித்தாள். நூற்றுப் பத்து. சரியாக எண்ணினோமா என்று சந்தேகம். மறுபடி எண்ணினாள். நூற்றெட்டு.

அரை மணி கழித்து வீரம்மாளுக்குக் குரல் வந்தது. “மழையில நனைய வச்சிட்டியேடி. போண்டா போச்சு.”

“ஆட்டோ சொல்லியிருக்கேன். ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“தல வலிக்கு ஆஸ்பத்திரியா? காலையில ஷிப்ட்டுக்குப் போறவங்க வந்து நிப்பாங்களே, என்னா சொல்லுவ?”

“இட்லி இல்லன்னு சொல்லுவேன்.”

வீரம்மாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். “அந்த நோட்டுல இதுவும் எழுதியிருக்கா?” என்று கேட்டுவிட்டு, எழுந்து நிற்கக் கையை நீட்டினாள்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். காலை வரை இருக்கட்டும் என்றார் டாக்டர். அம்மாவின் மூச்சு முகமூடிக்குள் பனித்துப் பனித்து மறைவதைப் பார்த்தபடி, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் வெண்மதி எழுதினாள்:

நாளை, புதன். கடைக்கு லீவு சொல்ல வேண்டும். பெரியநாயகி அக்காவிடம் கூரைத் தகரம் இரண்டு கேட்க வேண்டும். அம்மா வீடு திரும்பும் முன் பின்புறம் நான்கு கம்பு நட்டு, அடுப்பை அங்கே மாற்ற வேண்டும்.