கறிபாப் உதாரணம்

காசு மேசையிலிருந்து ஒரு கரண்டி நழுவித் தரையில் விழுந்தது. கடைக்காரர் சுப்ஹான் குனியவில்லை. செருப்புக் காலால் அதைச் சுவரோரம் தள்ளிவிட்டு, மனைவி முபீனாவைக் கூப்பிட்டார். முபீனா வந்து எடுத்துக்கொண்டு போனார்.

மூலை மேசையில் தே தாரிக் தேநீர்க் கிளாஸோடு உட்கார்ந்திருந்த லோஷினி அதைப் பார்த்தாள். உலு திராமில் அவள் வேலை செய்யும் சிகிச்சை நிலையம் இந்தக் கடைக்குப் பின்தெருவில்தான் இருந்தது. முதுகுவலி, கழுத்துவலி என்று வருகிறவர்களைப் பயிற்சியாலேயே பழைய நடமாட்டத்துக்குக் கொண்டுவருவது அவள் வேலை. சுப்ஹானும் அங்கே வந்தவர்தான். ஓரிரு முறை வந்தார், பிறகு வரவில்லை. குணமாகியிருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ரொட்டிக் கல்லின் மேல் பிளாஸ்டிக் விரிப்பு கிடந்தது. ரொட்டி சானாய்க்காகவே ஆட்கள் தேடி வரும் கடை அது.

"ஏன் அண்ணே கல்லை மூடி வச்சிருக்கீங்க?"

"குனியக்கூடாதுல்ல மிஸ். மாவை அடிச்சு வீசணும்னா குனியாம முடியுமா?"

"குனியக்கூடாதுன்னு யாரு சொன்னது?"

சுப்ஹான் அவளை வியப்பாகப் பார்த்தார். "நீங்கதான். கறிபாப்."

லோஷினி கிளாஸைக் கீழே வைத்தாள்.

முதல் நாள் அவர் ஸ்கேன் படத்தோடு வந்து, டிஸ்க் என்றால் என்ன என்று கேட்டிருந்தார். லோஷினிக்கு விளக்கம் சொல்வதென்றால் கொள்ளை ஆசை. முதுகெலும்பின் ஒவ்வொரு எலும்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மெத்தை இருக்கிறது. வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே கூழ். இதைத் தேநீர்த் தட்டில் இருந்த பலகாரத்தைக் காட்டியே சொல்லிவிட்டாள். "கறிபாப் மாதிரி அண்ணே. வெளியே மாவு, உள்ளே கிழங்கு. ஒரு பக்கம் அழுத்தினா மறுபக்கம் பிதுங்கும். உங்களுக்கு அதான் நடந்திருக்கு." எல்லா நோயாளிகளுக்கும் சொல்கிற உதாரணம்தான். எல்லாரும் சிரிப்பார்கள். சுப்ஹான் சிரிக்கவில்லை. அதை அவள் அன்றைக்குக் கவனித்தாள். கவனித்தும் மேலே பேசிக்கொண்டே போனாள்.

முபீனா மேசையைத் துடைத்தபடி சொன்னார்: "கல்யாணமான நாள்லேருந்து நான் சொன்ன ஒண்ணையும் இவரு கேட்டதில்ல மிஸ். நீங்க ஒரு கறிபாப் சொன்னீங்க, கெட்டியாப் புடிச்சிக்கிட்டாரு. சாப்பாட்டு விஷயம்னா அப்படி ஒரு நம்பிக்கை."

"சும்மா இரு லா."

"நான் ஏன் சும்மா இருக்கணும்? பள்ளிவாசல்ல வயசானவங்களோட நாற்காலியில உக்காந்து தொழுறாரு. புள்ளை வந்து தூக்கச் சொல்லிக் கைய நீட்டுனா வேற பக்கம் பாக்குறாரு."

சுப்ஹான் சட்டைக்கு மேல் கட்டியிருந்த இடுப்புப் பட்டையை இழுத்துச் சரிசெய்தார். "எண்ணெயில கறிபாப் வாய் தொறந்திடுச்சுன்னா, மறுபடி மூட முடியாது மிஸ். எனக்குத் தெரியாதா? இருக்கிறதையாவது வெளியே வராமப் பாத்துக்கணும். தொழும்போது சுஜூதுல நெத்தி தரையில படணும், அதான் ஆசை. ஆனா பயமா இருக்கு."

கறிபாப் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளாது. டிஸ்க் உயிருள்ள பொருள். பிதுங்கியதை உடம்பே பல நேரம் மெல்ல மெல்லக் கரைத்துவிடும். வலியே இல்லாத எத்தனையோ பேரின் படத்திலும் அந்தப் பிதுக்கம் தெரியும். டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய் கிடையாது என்று சொல்லலாம். நாம் குனிந்து நிமிரும்போது நீர் உள்ளே போய் வெளியே வருவதில்தான் அதற்குச் சாப்பாடு. அதாவது குனிவதே அதற்குத் தீனி. இதெல்லாம் லோஷினிக்குத் தெரியும். கறிபாப்புக்குள் அடங்காததால் சொல்லாமல் விட்டிருந்தாள்.

"மத்தியானம் நிலையத்துக்கு வாங்க அண்ணே," என்றாள். "நீங்களும் வாங்க அக்கா."

அவர்கள் வந்தபோது, வழக்கமாகக் கையில் எடுக்கும் முதுகெலும்பு பொம்மையை அவள் அலமாரிக்குள் வைத்து மூடியிருந்தாள்.

"அன்னைக்கு நான் சொன்ன உதாரணம் தப்பு அண்ணே. உங்களைப் பயமுறுத்தினது நான்தான். மன்னிச்சிருங்க."

சுப்ஹான் முபீனாவைப் பார்த்தார். "அப்ப கறிபாப் இல்லன்னா என்ன? குழம்பு ஊத்துன மீ ரெபுஸா?"

லோஷினியின் நாக்கு நுனிக்கு நாலைந்து உதாரணங்கள் ஓடி வந்தன. விழுங்கிக்கொண்டாள். "எதுவும் இல்ல. அது டிஸ்க்தான். குனிஞ்சா வெடிக்காது."

"வெடிக்காதுன்னா ஏன் வலி கூடிக்கிட்டே போகுது?"

"கையை இறுக்கி மூடுங்க. நான் சொல்றவரைக்கும் திறக்காதீங்க."

அவர் மூடினார். லோஷினி முபீனாவிடம் கடையைப் பற்றி, மகளைப் பற்றி விசாரித்தாள். பேச்சு நீண்டது. சுப்ஹான் நெளிந்தார்.

"மிஸ், கை கடுக்குது."

"திறங்க. கையில ஏதாச்சும் உடைஞ்சிருக்கா?"

அவர் விரல்களை விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடுப்புப் பட்டையைத் தொட்டார். பயத்தில் முதுகுத் தசைகளை நாள் முழுக்க இறுக்கிப் பிடித்திருந்தார். அந்த இறுக்கம் வலித்தது. வலித்ததும் உள்ளே இன்னும் பிதுங்குகிறது என்று நினைத்து மேலும் இறுக்கினார். அந்தச் சுற்றில் முதல் தள்ளு தன்னுடையது என்று லோஷினிக்குத் தெரிந்தது.

அவள் சிகிச்சைக் கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தினாள். மின்சாரத்தில் ஏறி இறங்கும் கட்டில். ஒரு பொத்தானை அழுத்தினால் ஏறும், மற்றதை அழுத்தினால் இறங்கும், விரலை எடுத்தால் நிற்கும். ரொட்டிக் கல் இருக்கும் உயரத்துக்கு அதை ஏற்றி, பொத்தான் பெட்டியை அவர் கையில் கொடுத்தாள்.

"ஒரு கையைக் கட்டில்ல வைங்க. இடுப்பைப் பின்னால தள்ளுங்க. மூச்சைப் பிடிக்காதீங்க. கட்டிலை நீங்களே இறக்குங்க. எங்க நிறுத்தணும்னாலும் நிறுத்துங்க."

"நீங்க அழுத்த மாட்டீங்களா?"

"மாட்டேன்."

கட்டில் முனகிக்கொண்டு கொஞ்சம் இறங்கி நின்றது. அவர் உள்ளங்கையும் அதோடு போனது. நெற்றியில் வியர்வை. முதுகுக்குள் எங்கே என்ன நடக்கிறது என்று சொல்லிவிட லோஷினிக்கு வாய் துறுதுறுத்தது. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். கட்டில் மறுபடி இறங்கியது. முழங்கால் உயரத்தில் அவர் விரலை எடுத்தார்.

"வலிக்குதா?" என்றார் முபீனா.

"வலிக்குது. காலையில இருந்த அதே வலிதான். கூடல."

அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்தடுத்த வாரங்களில் அவர் தொடர்ந்து வந்தார். சில நாள் கட்டில் போன முறையைவிட மேலேயே நின்றது. லோஷினி அவசரப்படுத்தவில்லை. பட்டை முதலில் சட்டைக்கு உள்ளே போனது, பிறகு வீட்டிலேயே தங்கிவிட்டது. ஒரு நாள் கட்டில் அதற்குமேல் இறங்க முடியாத இடத்துக்கு வந்தது. சுப்ஹான் பெட்டியை வைத்துவிட்டு, தானே விரிப்பில் மண்டியிட்டு, கைகளை ஊன்றி, நெற்றியைத் தரையில் வைத்தார். நெடுநேரம் எழவில்லை. லோஷினி பயந்துபோனாள்.

"அண்ணே, வலிக்குதா?"

"இல்ல மிஸ். கொஞ்சம் இருங்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் வேறு முகங்கள்தான் வந்தன. கறிபாப்பைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய், பிறகு வராமலே இருந்தவர்கள். குணமாகியிருக்கும் என்று அவர்களைப் பற்றியும் நினைத்திருந்தாள்.

ஒரு ஞாயிறு காலை அவள் கடைக்குப் போனபோது ரொட்டிக் கல் சூடாக இருந்தது. சுப்ஹான் மாவைத் தட்டி, காற்றில் வீசி, மடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அருகே இடுப்புப் பட்டையோடு ஒருவர் விறைப்பாக நின்றுகொண்டே தேநீர் குடித்தார்.

"கனகராஜ், லோரி ஓட்டுறாரு," என்றார் சுப்ஹான். குரல் தாழ்ந்திருந்தது. "எனக்கு முடியாம இருந்தப்ப இவருக்கும் முதுகுவலி. அது கறிபாப், வெடிச்சிரும்னு நான்தான் சொல்லித் தொலைச்சேன். இப்ப இல்லன்னா நம்ப மாட்டேங்கிறாரு."

"நீ நல்லாயிட்ட, சொல்லுவ," என்றார் கனகராஜ். "என்னோடது பெரிய கறிபாப்."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். கிளாஸை வைக்கும்போது கனகராஜின் கை பட்டு லோரிச் சாவி கீழே விழுந்தது. அவர் அதைச் செருப்புக் காலால் சுவரோரம் தள்ளினார்.

சுப்ஹான் கல்லைச் சுற்றி வந்து, குனிந்து சாவியை எடுத்தார். கனகராஜிடம் கொடுக்கவில்லை. அவர் முன்னால் இருந்த நாற்காலியின் மேல் வைத்தார். "அங்கேருந்து எடு. தரைக்கு இன்னொரு நாள் போலாம்."

"வெடிச்சா நீ வந்து லோரி ஓட்டுவியா?"

லோஷினி எழுந்தாள். மற்ற மேசைகளில் பேச்சு நின்றிருந்தது. அது அவளுக்குத் தெரிந்தது, ஆனாலும் குரலைத் தணிக்கவில்லை.

"வெடிக்காது அண்ணே. சுப்ஹான் அண்ணனுக்கு அந்தக் கறிபாப்பைச் சொன்ன ஆளு நான்தான். தப்பாச் சொல்லிட்டேன்."

கனகராஜ் அவளை மேலும் கீழும் பார்த்தார். அதற்குமேல் விளக்கம் வரும் என்று காத்திருந்தார். லோஷினி வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

அவர் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையை மெதுவாக நாற்காலியை நோக்கி இறக்கினார்.