அக்கா நேராக்கிய துணி

வீட்டுக்குள்ள நுழையறப்பவே இஸ்திரி போட்ட சூட்டு வாசம் மூக்குல ஏறுச்சு. நான் காலையில இஸ்திரியைத் தொடவே இல்ல.

சாப்பாட்டு மேசை மேல சதுரம் சதுரமா துணி அடுக்கியிருக்கு. பக்கத்துல எங்க அக்கா, கழுத்துல அளவு டேப்பு. அவ தையல்கடை வெச்சிருக்கா. நான் சாவியைத் தொலைக்கிற ஆளுங்கறதால, எங்க வீட்டுச் சாவி ஒண்ணு அவகிட்ட இருக்கும்.

"வந்துட்டியா? உன் துணி பூரா கோணலும் மாணலுமா கிடந்துச்சுடி. பாக்கவே பாவமா இருந்துச்சு. வெட்டி நேராக்கிட்டேன்."



அது கிரேஸி குவில்ட், கண்ட துண்டுத் துணியையும் கோணல்மாணலா சேத்துத் தைக்கிற ஒட்டுப் போர்வை. அதுல நேர் கோடே கிடையாது. அடியில ஒரு பழைய காடாத் துணி. நடுவுல அஞ்சு மூலை வெச்ச வெல்வெட். அதைச் சுத்தி பட்டு, சாட்டின், வீட்டுக்காரர் கட்டாத டை, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு உக்காரணும். அந்த இணைப்பு மேலயெல்லாம் எம்பிராய்டரி நூல் ஓடணும். அழகே அங்கதான். ஆஸ்பத்திரி வரவேற்புல நாள் பூரா ஆளுங்களை வரிசையில நிக்க வெக்கிற வேலை எனக்கு. வீட்டுக்கு வந்தா வரிசையில்லாம ஏதாவது பண்ணணும்னுதான் ஆரம்பிச்சேன். என் வாழ்க்கையில அக்காகிட்ட கேக்காம ஆரம்பிச்ச ஒரே வேலை.

அதைத்தான் வெட்டியிருக்கா. நான் இறகு மாதிரி கிளைகிளையா போட்ட இறகுத் தையல் நடுவுலயே கத்திரி போயிருக்கு. வெட்டின இடத்துலயெல்லாம் நூல் பிரிஞ்சு தொங்குது.

"யாரைக் கேட்டு கை வெச்ச?"

"கேக்கணுமா? சின்னப் புள்ளையில இருந்து உன் பாவாடை ஓரத்தைக் கூட நான்தானே பிரிச்சுத் தெச்சேன்."

"அக்கா, அது கோணலாத்தான் இருக்கணும்!"

"கோணலா இருக்கணும்னு யாராவது தெப்பாங்களா? கடையில இப்படிக் குடுத்தா மூஞ்சியில எறிவாங்க."

"இது உன் கடை இல்ல. என் மேசை. என் துணி. என் கோணல்!"

கத்தினதுல பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்துச்சு. திறக்கட்டும்னு விட்டுட்டேன்.

"ஒரு துணிக்காடி இந்தக் கத்து கத்துற?"

"துணிக்கு மட்டுமா? என் திரைச்சீலையைக் குட்டையாக்கினே. என் சமையல்கட்டை மாத்தி அடுக்கினே. வாயே திறக்கலயே நான்! இது ஒண்ணாவது எனக்குன்னு இருக்கக் கூடாதா?"

அவ சதுரங்களை எடுத்து மறுபடி ஓரம் சேத்து அடுக்க ஆரம்பிச்சா.

நான் அவ கத்திரிக்கோலையே எடுத்தேன். அவ அவ்வளவு நறுக்குன்னு வெட்டின சதுரங்களைக் குறுக்க வெட்டினேன். முக்கோணம், ஆப்பு, பேரே இல்லாத வடிவமெல்லாம். "ஐயோ, ஐயோ"ன்னு ஒவ்வொரு வெட்டுக்கும் சத்தம் வந்துச்சு, என்னமோ அவ விரலை வெட்டின மாதிரி. பிரிஞ்ச நூலை உள்ள மடிச்சேன். புதுசா ஒரு காடாத் துணியை விரிச்சு, துண்டுங்களை அது மேல வெச்சுக் குண்டூசி குத்தினேன்.

ஒரு துண்டுல மட்டும் அவ என் தையல் மெஷின்ல ஓட்டிப் பாத்த நேர் தையல் இருந்துச்சு. அதைப் பிரிக்கல. ஊசியில சிவப்பு நூலைக் கோத்து, அந்தக் கோட்டு மேலயே இப்படியும் அப்படியும் இறகுத் தையல் போட ஆரம்பிச்சேன். கோபத்துல இழுத்து இழுத்து துணியே சுருங்குச்சு.

அக்கா கிட்ட வந்து எட்டிப் பாத்தா.

"ஏய், அந்த இடத்துல ரொம்ப நேராப் போகுது பாரு. கொஞ்சம் கோணலாப் போட வேண்டாமா? குடு, நான்..."

கை நீண்டுச்சு. நான் ஊசியை நிமித்திப் பிடிச்சேன்.

"கையை எடு. அப்புறம், அந்தச் சாவியை மேசை மேல வெச்சுட்டுப் போ."

வெச்சா. மேசை விளிம்புக்கு நேரா, ஒழுங்கா வெச்சா. அவ கதவைச் சாத்தினதும் அந்தச் சாவியை விரலால ஒரு தட்டுத் தட்டிக் கோணலாக்கிட்டு, அடுத்த தையலுக்குப் போனேன்.