ஹன்சாவின் கல்யாண மணை

குஜராத்தில் இந்தச் சங்கேடா ஊருக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான். எங்கள் வீட்டுப் பட்டறையில் ஊஞ்சலுக்கும் தொட்டிலுக்கும் பூ வரைய உட்கார வேண்டும். அந்த இடத்தில் என் நாத்தனார் ஹன்சா இருந்தாள். உத்தராயணப் பண்டிகை கழிந்ததும் அவளுக்கு டபோய் ஊரில் கல்யாணம். அதற்குப் பிறகு அந்த இடம் எனக்கா, வெளியாளுக்கா என்று வீட்டில் பேச்சு ஓடியது. மாமனார் தல்சுக்பாய் முடிவு சொன்னார். ஹன்சா கல்யாணத்தில் உட்காரும் மணையை நான் தனியாகத் தீட்ட வேண்டும். சரியாக வந்தால் இடம் எனக்கு.

சொல்லிக் கொடுக்க ஹன்சாவே முன்வந்தாள். மரத்துக்குக் குங்கும நிறம் பூசினோம். அணில் முடித் தூரிகையை வெள்ளீயக் குழம்பில் தோய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு கொடி இழுத்தேன். கோடு கோணியபோதெல்லாம் ஹன்சா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். காய்ந்த பூக்கள் வெளிறிக் கிடந்தன. மாமனார் அகீக் என்ற வழவழப்பான கல்லால் தேய்த்துப் பூக்களை மினுக்குவதைப் பார்த்திருக்கிறேனே என்றேன்.

"அது ஊஞ்சல் காலுக்கு. உருண்டை மரம் தாங்கும். பலகையில தேய்ச்சா உங்க பூவெல்லாம் உரிஞ்சு வந்துடும், அண்ணி. அரக்கு பூசுங்க, தன்னால பொன்னாயிடும்."

மாமனார் பத்திரிகை வைக்க வெளியூர் போயிருந்தார். அரக்கைப் பூசித் தணலில் காட்டினேன். பூக்கள் பொன்னாகவில்லை. ஈரச் சாம்பலை அப்பியதுபோல மங்கிக் கிடந்தன. அரக்கு ஏறிவிட்டால் திருத்த வழியில்லை.

ஹன்சாவுக்கு மஞ்சள் பூசும் நாளில் மாமனார் திரும்பினார். மணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல் போட்டுத் தேய்க்காமல் யாராவது அரக்கு பூசுவார்களா என்று கேட்டார். கோபம்கூட இல்லை, அலுப்புதான். நான் வாய் திறப்பதற்குள் மஞ்சள் முகத்தோடு ஹன்சா சொன்னாள்:

"நான் தேய்க்கத்தான் சொன்னேன்பா. அண்ணிக்கு அவசரம்."

 வீடு நிறைய உறவுக்காரர்கள். கல்யாணப் பெண்ணைப் பொய்க்காரி என்று எப்படிச் சொல்வது?

வளையல் போட்டுவிடும் சாக்கில் அவளைத் தனியாகப் பிடித்தேன். ஏன் இப்படிச் செய்தாய் என்றேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"இத்தனை வருஷமா நான் அங்க உட்கார்ந்திருக்கேன். இது உன் இடம்னு அப்பா ஒரு தடவை சொன்னதில்ல. நேத்து வந்த உங்களுக்குச் சொல்றார்."

"அதுக்கு உன் கல்யாண மணையையே கெடுப்பியா?"

"உட்காரப் போறவ நான். அடியில இருக்கிறது என் கண்ணுக்கா தெரியப் போகுது?" அடுத்த கையை நீட்டினாள். "இறுக்கிப் போடாதீங்க."

முகூர்த்தத்தில் அவள் புடவை விரிந்து மணையை மூடிவிட்டது. பார்த்தவர்கள் பெண் அழகு என்றார்கள்.

மாமனார் வேறு ஆள் தேடவில்லை. இப்போது ஹன்சாவே தினமும் காலை பஸ்ஸில் டபோயிலிருந்து பட்டறைக்கு வந்துவிடுகிறாள். மாப்பிள்ளை வீட்டுக்கும் சம்மதம்தான். மாமனார் அவளுக்குப் புது விளக்கு மாட்டிக் கொடுத்து, இது உன் இடம் என்று எல்லார் எதிரிலும் சொன்னார். எனக்கு உப்புத்தாள் வேலை. பலகைகளை வழவழப்பாக்கி அவளிடம் கொடுக்க வேண்டும்.

இன்று ஒரு பலகையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"அண்ணி, இந்த ஓரம் இன்னும் சொரசொரன்னு இருக்கு."

மாமனாரும் நிமிர்ந்து பார்த்தார். பலகையை வாங்கிக்கொண்டு, மறுபடி தேய்க்க உப்புத்தாளோடு வாசலுக்குப் போனேன்.