பத்தியத்துக்கு வைத்த கோழிகள்

அறுத்த கோழியின் வயிற்றுக்குள் கையை விட்ட எர்மிந்தா அப்படியே நின்றுவிட்டாள். குடல் ஈரக் காகிதமாகக் கையோடு பிய்ந்து வந்தது. இரைப்பையின் உள்ளே ஒரே புண். ஈரல் மட்டும் மஞ்சள் வெண்ணெய் நிறத்தில் பளபளத்தது. ஒலாஞ்சோ மலையடிவாரத்தில் கோழி வளர்ப்பில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று தானே சொல்லிக்கொள்கிறவள் அவள். இப்படியொரு வயிற்றை அவள் பார்த்ததே இல்லை.

மகள் நோல்வியாவுக்கு இது ஒன்பதாம் மாதம். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாளும் கோழிச் சூப்பும் சுட்ட சோள ரொட்டியும்தான் பத்தியம். அங்கே எந்த ஏழை வீட்டிலும் அதில் குறை வைக்க மாட்டார்கள். அதற்காகப் பன்னிரண்டு பெட்டைகளைப் பொறுக்கி, மூன்று மாதமாகக் கூண்டில் அடைத்து, மக்காச்சோளத்தைத் தவிர வேறெதையும் கொத்த விடாமல் வளர்த்தாள். இந்த வாரம் மட்டும் நான்கு கழிந்து கழிந்து செத்துவிட்டன. இன்னொன்று தலையைத் தொங்கப்போட்டதும், சாவதற்குள் சூப்பாவது வைப்போம் என்று கத்தியை எடுத்திருந்தாள்.

பக்கத்துப் பண்ணைக்கு மாட்டு ஊசி போட வந்திருந்த ஒஸ்மானை ஓடிப்போய்க் கூட்டிவந்தாள். அவன் குடலைக் குச்சியால் புரட்டினான்.

"என்ன தீனி போடுறீங்க, தோன்யா?" என்று கேட்டான்; மூத்த பெண்களை ஊரில் அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள்.

"சோளந்தான். பின்ன கேக்கா வாங்கிப் போடுவேன்?"

"எங்க, காட்டுங்க."

ஒரு கை அள்ளி வந்தாள். மணிகளின் முனையில் பச்சையும் சாம்பலும் பூத்திருந்தன. கதிர் முற்றியதும் சோளத்தட்டையை நடுவில் மடக்கிவிட்டு, கதிரை வயலிலேயே காயவிடுவதுதான் ஊர் வழக்கம். இந்த வருஷம் மழை விட்டபாடில்லை. மடக்கிய கதிருக்குள்ளும் தண்ணீர் இறங்கிவிட்டது. நல்லது வீட்டுக்கு, பூத்தது கோழிக்கு என்று எல்லாரையும் போல அவளும் பிரித்தாள்.

"இதையா போட்டீங்க?" ஒஸ்மானின் குரல் ஏறியது.

"மனுசன் திங்காததத்தானே கோழிக்குப் போடுவாங்க? கழுவி, வெயில்ல காயவெச்சு, ஊட்டாத குறையாப் போட்டேன்!"

"பூஞ்சையக் கழுவிறலாம் தோன்யா, அது விட்ட விசத்தக் கழுவ முடியாது. வேகவெச்சாலும் போகாது. குடல அரிச்சுப்புடும், ஈரல்லயும் போய் உக்காந்துக்கும். வெளிய மேயிறது புழு, புல்லுன்னு நாலையும் தின்னு தப்பிக்கும். கூண்டுல கெடந்ததுக்கு இது மட்டுந்தான?"

எர்மிந்தா கையிலிருந்த சோளத்தையே பார்த்தாள். பார்த்துப் பார்த்து வளர்த்தவற்றுக்கு அவளே விஷம் வைத்திருக்கிறாள். குப்பை கிளறும் மொட்டைவால் பெட்டையை, சோளம் திருடுகிறது என்று தினமும் கல்லெறிந்து விரட்டினாள்; அது மட்டும் கொழுகொழுவென்று வேலியோரம் திரிந்தது.

"ஈரல்லயுமா?" என்றாள். "மஞ்ச ஈரல்னா நல்லா சோளந் தின்னு கொழுத்த கோழின்னுல்ல நெனச்சேன்..."

மகளுக்குத் தெம்பு வேண்டுமென்று கடைசி மூன்று ஞாயிறும் கூண்டிலிருந்து ஒவ்வொன்றாக அறுத்திருந்தாள். அப்போது குடல் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஈரல் வயிற்றுப்பிள்ளைக்காரிக்கென்று வழக்கம்.

ஒஸ்மான் எழுந்துவிட்டான். "கொஞ்சந்தான் தின்னுருந்தா ஒண்ணும் ஆகாம இருக்கலாம். எனக்குக் கோழியப் பத்தித்தான் தெரியும். வண்டியில ஏறச் சொல்லுங்க, ஆஸ்பத்திரியில கேட்டுருவோம்."

நோல்வியா வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மூணு ஞாயித்துக்கெழம, அம்மா," என்றாள். "வேணாம் வேணாம்னு சொன்னேன். நீதான் பிள்ளைக்காகத் தின்னுடின்னு ஊட்டிவிட்ட."

எர்மிந்தாவின் கையிலிருந்த சோளம் முற்றத்தில் சிதறியது. இதற்கென்றே காத்திருந்ததுபோல் மொட்டைவால் ஓடிவந்தது.

"திங்காதடி! ஐயோ பாவி, திங்காதடி!"

மண்ணில் விழுந்து, இரண்டு கையாலும் அதைத் தள்ளிவிட்டு, அழுதுகொண்டே ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினாள். வாசலில் ஒஸ்மான் வண்டியைக் கிளப்பினான்.